கன்னியாகுமரி மாவட்டத்துக்கு விடுதலை 1947-இலா, 1956-இலா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகளுக்கு, ஆங்கிலேயர் ஆட்சி போய் கூட்டாட்சி அரசு வந்த கதையைக் கட்டுரையாக எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். பாடப் புத்தகத்தில் 1947, 1950 என்று இரண்டு ஆண்டுகள்தான் இருக்கின்றன. வீட்டில் இருக்கும் தாத்தாவோ "நமக்கு விடுதலை கெடச்சது 1956-லதான்" என்கிறாராம். எதை எழுதுவது என்பது கேள்வி.

தாத்தா சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். பாடப் புத்தகமும் தப்பில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்த வள்ளியூர், பணகுடிக்காரர்களுக்கும் இந்தப் பக்கம் இருந்த நமக்கும் ஆங்கிலேயர் ஆட்சி ஒரே மாதிரி இருக்கவில்லை. அது போன விதமும் ஒரே மாதிரி இல்லை. அவர்கள் சென்னை மாகாணம். கலெக்டர், தாசில்தார் என்று ஆங்கிலேய அரசே நேரடியாக ஆண்ட இடம். நாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். நமக்கு மகாராஜா இருந்தார், தலைமை அமைச்சராகத் திவான் இருந்தார், சக்கரம் என்று தனிக் காசு இருந்தது, அஞ்சல் என்று தனித் தபால் இருந்தது. ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடியும் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாமல், ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்ட் இருந்தார்.

மகள் கட்டுரையை அந்த ரெசிடென்டிலிருந்து தொடங்கினால் நல்லது. குளச்சலில் 1741-இல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த நாடு, அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளுக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குள் போய்விட்டது. 1795, 1805 ஆகிய ஆண்டுகளின் இரண்டு உடன்படிக்கைகள் அதைச் செய்தன. கம்பெனிப் படையின் பாதுகாப்புக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் அளவில் கப்பம் கட்ட வேண்டும். உள்நாட்டு நிர்வாகத்திலும் கம்பெனியின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும். இந்தக் கப்பப் பாக்கியை ரெசிடென்ட் மெக்காலே நெருக்கியதில்தான் தலக்குளத்துக்காரரும் அப்போதைய தலைமை அமைச்சருமான வேலுத்தம்பித் தளவாய் எதிர்த்து நின்றார். 1809 ஜனவரியில் குண்டறையில் அறிக்கை விட்டார். பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெகரின் படை ஆரல்வாய்மொழி அரண்களைப் பிடித்து உள்ளே வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்விட்டார். அதற்குப் பிறகு மன்றோ என்ற ஒரே ஆள் சில ஆண்டுகள் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்தார். அரண்மனை திருவனந்தபுரத்தில்தான் இருந்தது. முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரட்டை ஆட்சியை நம் மக்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வெள்ளைக்காரனை வெண்ணீசன் என்றும் திருவிதாங்கூர் மன்னனைக் கலிநீசன் என்றும் இரண்டு பேரையும் சேர்த்தே கண்டித்தார். அதற்காகத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859-இல் வந்த அரச அறிவிப்பும் இப்படித்தான். தெருவில் அடி வாங்கிப் போராடியவர்கள் நம் ஊர்ப் பெண்கள். சென்னை கவர்னர் டிரெவெல்யன் அழுத்தம் கொடுத்த பிறகே மன்னர் இறங்கி வந்தார். அப்போதும் முழு உரிமை கொடுக்கவில்லை. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடை அந்த அறிவிப்பிலேயே இருந்தது. நம் பகுதியில் காலனி ஆட்சியை எதிர்ப்பது என்றால் வெள்ளைக்காரனை மட்டும் எதிர்ப்பதாக ஒருநாளும் இருந்ததில்லை.

திருவிதாங்கூருக்குச் சேர வேண்டிய பெருமையையும் சொல்ல வேண்டும். 1888-இல் அங்கே சட்டசபை அமைந்தது; இந்தியச் சமஸ்தானங்களில் அதுதான் முதலாவது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. ஆனால் திவானைப் பதவியிலிருந்து இறக்கும் அதிகாரம் எந்தச் சபைக்கும் இல்லை. 1937-இல் கணவாய்க்கு அந்தப் பக்கம் மக்கள் ஓட்டுப் போட்டு ராஜாஜியின் மந்திரிசபை அமைந்தபோது, இந்தப் பக்கம் சர் சி.பி. ராமசாமி ஐயர் திவான்.

கூட்டாட்சி என்ற ஏற்பாடு 1950-இல் திடீரென்று முளைக்கவில்லை என்பதையும் இங்கே எழுதலாம். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. மாகாணங்களும் சமஸ்தானங்களும் சேர்ந்த ஒரு கூட்டாட்சி, மத்தியப் பட்டியல், மாகாணப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று அதிகாரப் பங்கீடு எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. மாகாணங்களைப் பற்றிய பகுதி நடைமுறைக்கு வந்தது. கூட்டாட்சிப் பகுதி வரவேயில்லை. போதுமான மன்னர்கள் அதில் சேரச் சம்மதித்தால்தான் அது தொடங்கும் என்பது விதி, அவர்கள் சேரவில்லை. பின்னால் அரசியல் நிர்ணய சபை அந்தச் சட்டத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. மூன்று பட்டியல்களும் அப்படி வந்தவைதான். மன்னரின் விருப்பத்தைப் பொறுத்துக் கூட்டாட்சி என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

1947-க்கு வருவோம். இந்தியச் சுதந்திரச் சட்டம் மாகாணங்களை இரண்டு நாடுகளாகப் பிரித்துக் கொடுத்தது. சமஸ்தானங்களின் மேல் பிரிட்டிஷ் முடிக்கு இருந்த மேலதிகாரம் ஆகஸ்ட் 15-ஆம் தேதியோடு காலாவதி என்று மட்டும் சொன்னது. அந்த அதிகாரம் டெல்லிக்குக் கைமாறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் சி.பி. ஜூன் மாதத்திலேயே, ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நம் மண்ணும் இருந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டுபிடித்திருந்தார். அதிலிருந்து கிடைக்கும் தோரியத்துக்கு, அணுகுண்டுக்குப் பிறகு வல்லரசுகளிடம் கிராக்கி இருந்தது. துறைமுகமும் மணலும் நறுமணப் பொருளும் இருக்கிற நாடு தனியாகப் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

மக்களின் கணக்கு வேறாக இருந்தது. நீக்க முடியாத திவானை வைத்துக்கொண்டு சட்டசபை அமைக்கும் அவருடைய திட்டத்தை "அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்" என்று கோஷம் போட்டு எதிர்த்தார்கள். 1946 அக்டோபரில் ஆலப்புழைப் பக்கம் புன்னப்புரை, வயலாரில் ரத்தம் சிந்தினார்கள். 1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் சி.பி.யை வெட்டினார்கள். அவர் உயிர் தப்பினார். அடுத்த சில நாட்களுக்குள் மகாராஜா சித்திரைத் திருநாள் இந்தியாவுடன் இணைவதாகத் தெரிவித்துவிட்டார்.

இந்த இணைப்பு என்ன கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதை மகள் கவனமாக எழுத வேண்டும். இணைப்பு ஒப்பந்தம் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்று துறைகளை மட்டும் இந்திய அரசுக்குக் கொடுத்தது. மற்றது எல்லாம் மகாராஜாவிடம். ஆகவே 1947 ஆகஸ்ட் 16 காலையில் விளவங்கோட்டு விவசாயி ஒருவர் வரி கட்டப் போயிருந்தால் அதே தாலுகாக் கச்சேரி, அதே அதிகாரி, மலையாளத்தில் எழுதிய அதே ரசீது. தாத்தா சொல்வதன் அடிப்படை இதுதான். செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஜா, மக்கள் சபைக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சிக்கு உத்தரவிட்டார். 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டு என்ற முறையில் தேர்தல் நடந்தது. மார்ச் 24-ஆம் தேதி பட்டம் தாணுப்பிள்ளை பிரதமரானார். திருவிதாங்கூரின் தலைமை மந்திரிக்கு அப்போது அதுதான் பதவிப் பெயர். மன்னராட்சி மக்களாட்சியான நாள் என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமானால் நான் இதைத்தான் குறிப்பேன்.

தென் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கோ அந்த மக்களாட்சி தொடங்கும்போதே ஒரு கேள்வி இருந்தது. நாகர்கோவிலில் 1945 டிசம்பரில் தொடங்கிய அமைப்பு 1946-இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் மாறியிருந்தது. வழக்கறிஞர் நேசமணி 1947-இல் அதில் சேர்ந்தார். கோர்ட்டு, கச்சேரி, பள்ளிக்கூடம், வேலை எல்லாவற்றிலும் தமிழன் இரண்டாம்பட்சமாக இருக்கிறான், தமிழ்த் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்பது கோரிக்கை. இதை வெறும் மொழிப் பிரச்சினை என்று எழுதிவிட வேண்டாம். நிலம் யார் கையில், உத்தியோகம் எந்தச் சாதிக்கு என்பதும் அதற்குள் இருந்தன. 1948 தேர்தலில் அந்தக் கட்சி 14 இடங்களில் ஜெயித்தது. தேர்தல் சமயத்திலேயே, பிப்ரவரி 8-ஆம் தேதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மங்காட்டில் தேவசகாயமும் கீழ்க்குளத்தில் செல்லையனும் இறந்தார்கள். எல்லோருக்கும் ஓட்டு வந்த முதல் தேர்தலிலேயே உயிர்ப்பலி கொடுத்த பகுதி இது.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகித் திரு-கொச்சி ஆயின. மகாராஜா ராஜப்பிரமுகர் ஆனார். 1950 ஜனவரி 26-இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பழைய மாகாணங்கள் முதல் அட்டவணையின் ஏ பகுதி, சமஸ்தானங்கள் பி பகுதி என்று மாநிலங்கள் தரம் பிரித்து வைக்கப்பட்டன. திரு-கொச்சி பி பகுதி மாநிலம். கவர்னருக்குப் பதில் ராஜப்பிரமுகர். பத்து ஆண்டுகளுக்குக் குடியரசுத் தலைவரின் பொதுக் கட்டுப்பாடு. மத்திய அரசின் வரிகளும் துறைகளும் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. 1951 ஏப்ரல் 1 அன்று நம் அஞ்சல் இந்தியத் தபால் துறையில் கரைந்தது. மணவாளக்குறிச்சி மணலும், அணுசக்திக் கனிமம் என்பதால், மத்தியப் பட்டியலுக்குள் போயிற்று. இன்றும் அந்த மணலை அள்ளுவது ஒன்றிய அரசின் நிறுவனமே. கடற்கரை மக்கள் அதை எதிர்த்து மனுக் கொடுக்கும்போது மாநில அரசால் ஓரளவுக்கு மேல் பேச முடியாமல் போவதன் வேர் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இந்தப் பதிலில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது அடுத்த விஷயம். அரசியலமைப்பின் 3-ஆவது உறுப்பு. ஒரு மாநிலத்தின் எல்லையை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் மாற்றலாம் என்று அது சொல்கிறது. சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்க வேண்டும், சம்மதம் தேவையில்லை. அரசியல் நிர்ணய சபை 1948-இல் முதலில் ஏற்றுக்கொண்ட வடிவம் இப்படி இல்லை. சமஸ்தானத்து மாநிலங்களுக்கு மட்டும் முன்சம்மதம் வேண்டும் என்று அதில் இருந்தது. 1949 அக்டோபரில் அந்த உறுப்பை மறுபடி எடுத்து, எல்லா மாநிலங்களுக்கும் கருத்துக் கேட்டால் போதும் என்று மாற்றினார்கள். மாநில உரிமை பேசுகிறவர்கள் இந்த உறுப்பைக் குறை சொல்வார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த முன்சம்மத விதி அப்படியே இருந்திருந்தால் நாம் இன்று தமிழ்நாட்டில் இருந்திருப்போமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இருந்திருக்க மாட்டோம் என்றுதான் தோன்றுகிறது. நம் மாவட்டத்து நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். உணவுப் பஞ்சம் நினைவில் இருந்த காலத்தில் எந்த மந்திரிசபை அதை விட்டுக்கொடுக்கச் சம்மதித்திருக்கும்?

வழி சட்டத்தில் இருந்தது. அதில் நடக்க மக்கள் வேண்டியிருந்தது. 1951-52-இல் நடந்த இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் திரு-கொச்சி சட்டசபையில் 8 இடங்கள் பெற்றது. நேசமணி மக்களவைக்குப் போனார். எட்டுப் பேர்தான் என்றாலும் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை அவர்கள் ஆதரவில்தான் நின்றது. 1953-இல் ஆதரவை விலக்கிக்கொண்டதும் அது கவிழ்ந்தது. 1954 தேர்தலில் 12 இடம். மறுபடியும் பட்டம் தாணுப்பிள்ளையே முதலமைச்சர், இந்த முறை பிரஜா சோஷலிஸ்ட் கட்சியில். ஜூலையில் தேவிகுளம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்காக மூணாறு போன நேசமணியும் தோழர்களும் கைதானார்கள். தென் தாலுகாக்கள் கொதித்தன. ஆகஸ்ட் 11-ஆம் தேதியை விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலம் போனவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். அந்தச் செய்தி கேட்டு, பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட தன் கட்சி மந்திரிசபையே பதவி விலக வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை, அந்தக் கட்சி பின்னர் உடைவதற்கு இதுவும் காரணமாயிற்று. உங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு அகில இந்தியக் கட்சி ஒன்றைப் பிளந்தது என்பது மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மந்திரிசபையில் நிதி மந்திரி பி.எஸ். நடராஜ பிள்ளை. மனோன்மணியம் சுந்தரம் பிள்ளையின் மகன். திருவிதாங்கூர் சார்பில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். நிலச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்டவர். தமிழர் என்றால் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

டெல்லியில் 1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. பசல் அலி தலைவர், குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்கள். 1955 செப்டம்பர் 30-இல் அறிக்கை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கலாம் என்றது. மூவரில் ஒருவரான பணிக்கர் மலையாளி. அவர் கையெழுத்தும் அதில் இருக்கிறது. தமிழர்கள் கேட்ட தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. சட்டமன்றங்கள் கருத்துச் சொல்லாமல் இழுத்தடிக்க முடியாதபடி, காலக்கெடு வைக்கும் ஐந்தாவது திருத்தம் 1955 டிசம்பரில் நிறைவேறியது. 1956 மார்ச்சில் திரு-கொச்சி குடியரசுத் தலைவர் ஆட்சிக்குள் போயிற்று. ஆகஸ்ட் 31-இல் மாநிலச் சீரமைப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அதோடு சேர்ந்த ஏழாவது திருத்தம் ஏ, பி, சி என்ற தரப் பிரிவை நீக்கி ராஜப்பிரமுகர் பதவியையும் எடுத்துவிட்டது. நவம்பர் 1 அன்று, செங்கோட்டையில் ஒரு பகுதி கேரளத்தோடு நிற்க மீதி திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போக, மற்ற நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின.

பாடப் புத்தகங்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடும். மகள் இன்னும் கொஞ்சம் போகலாம் என்பது என் ஆசை. கூட்டாட்சி வீட்டு வாசலுக்கு எப்படி வருகிறது என்பது இதற்குப் பிறகுதான் தெரியும்.

எல்லை மாறினால் சட்டம் உடனே மாறிவிடாது. பழைய திருவிதாங்கூர்ச் சட்டங்கள், வேறு சட்டம் வரும்வரை, நம் மாவட்டத்தில் தொடர்ந்தன. ஸ்ரீபண்டாரவகை என்ற பத்மநாபசுவாமி கோயில் நிலங்களை, உழவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்றக் குமரி மாவட்டத்துக்கென்றே 1964-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய கதை, 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம். உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் எத்தனையோ பெண்கள் இந்தக் கணக்கில் பங்கில்லாமல் போனார்கள். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பி பகுதி மாநிலங்களின் சட்டங்கள் பற்றிய 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம் இங்கே வந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. சமஸ்தானச் சட்டம் செத்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் அதை வைத்துப் பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது. உங்கள் மகளுக்குச் சமப் பங்கு கிடைப்பதும் இந்தக் கூட்டாட்சிக் கதையின் ஒரு பகுதி. அதை அவள் தன் கையால் எழுதட்டும்.

கோயில் விஷயமும் அப்படித்தான். மன்றோ காலத்தில் கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டதால் கோயில் செலவை அரசே ஏற்றது. அந்தக் கடமை மன்னரிடமிருந்து திரு-கொச்சிக்கும், அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அரசியலமைப்பின் 290-ஏ உறுப்பைப் பாருங்கள்: மாற்றப்பட்ட பகுதிகளிலுள்ள கோயில்களுக்காகத் தமிழ்நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் என்று தொகையே எழுதப்பட்டிருக்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு இந்திய அரசியலமைப்பிலேயே ஒரு பிடி இருக்கிறது என்று சொல்லலாம். பத்மநாபபுரம் அரண்மனையோ நம் மாவட்டத்துக்குள் இருந்தும் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது.

தண்ணீரில்தான் பங்கீடு இன்னும் முடியவில்லை. நெய்யாறு அணைத் திட்டம் எல்லை பிரியும் முன்பே விளவங்கோட்டையும் சேர்த்து வகுத்தது. இடதுகரைக் கால்வாய் நம் பக்கம் வருகிறது. பிரிந்த பிறகும் பல ஆண்டுகள் தண்ணீர் வந்தது. 2004-இல் கேரளம் நிறுத்தியது. ஆறு தன் எல்லைக்குள்ளேயே ஓடுகிறது, மாநிலங்களுக்கு இடையிலான ஆறு அல்ல என்பது அவர்கள் வாதம். 1956-க்கு முன் ஒரே மாநிலமாக இருந்தபோது இந்தப் பகுதிக்கென்று வகுத்த தண்ணீர், எல்லைக்கோடு போட்டதால் அந்த உரிமை போகாது என்பது நம் வாதம். மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் வழக்கு வந்தால் விசாரிக்கும் அதிகாரத்தை 131-ஆவது உறுப்பு உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. அதன்படி தமிழ்நாடு 2012-இல் வழக்குப் போட்டது. மார்த்தாண்டத்திலிருந்து அந்தக் கால்வாய் தூரமில்லை. மகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். தாத்தாவும் கூட வந்தால், அதில் தண்ணீர் ஓடிய காலத்தில் எந்தெந்த ஏலாவில் நெல் விளைந்தது என்று அவரே சொல்வார்.